நடுப்பக்கங்களை வாசிக்காதவர்

அவர் ஒரு புத்தகத்தின் முதல் இருபது பக்கங்களை வாசிப்பார். பிறகு கடைசிப் பக்கத்தை வாசிப்பார். அதன்பின் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் நான் பக்க அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மளிகைக்கடை வாசலில் இலவசமாகக் குவிந்து கிடக்கும் பத்திரிகைகளில் அதுவும் ஒன்று. பாதி விளம்பரம், கால்வாசி மரண அறிவித்தல், மிச்சம் நாங்கள். அவர் அந்த மிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஊரில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதியவர். இங்கே வந்து இறங்கியதும் அந்த ஒரு காரணத்துக்காகவே அறிஞர் ஆனார். நாங்கள் எல்லோரும் 'அண்ணை' என்போம். வயதுக்குக் கொடுத்த மரியாதை அது. அவர் அதை வேறு எதற்கோ கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

"நடுவிலை என்ன இருக்கப்போகுது, தம்பி?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். "தொடக்கத்திலை ஆள் ஆரெண்டு சொல்லியிருப்பான். கடைசியிலை என்ன நடந்ததெண்டு சொல்லியிருப்பான். நடுவிலை சும்மா கதைச்சுக்கொண்டிருப்பினம். அதிலும் பொம்பிளையள் எழுதின புத்தகமெண்டால் கேக்கத் தேவையில்லை."

மனிதர்களையும் அவர் அப்படித்தான் வாசித்தார். தொலைபேசியில் யாராவது "அண்ணை, ஒரு சின்ன உதவி" என்று தொடங்கினால், என்ன உதவி என்று தெரிவதற்கு முன்பே செய்ய முடியாததற்குக் காரணம் சொல்வார். கலியாணங்களுக்கு மேளச் சத்தத்தோடு வருவார். பந்தி தொடங்கும்வரை காணாமற் போவார். தாலி கட்டியதை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் திரும்பி வரும்போது காரில் இருந்து, அந்தக் கலியாணம் எத்தனை வருடம் நிலைக்கும் என்று சொல்வார்.

அவருடைய வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அவருடைய மனைவி அமைதியான பெண். "தேத்தண்ணி..." என்று சொல்லிவிட்டு நின்றார். "போடப்போறாவாம். சீனி குறைவாய்ப் போடட்டோ எண்டு கேக்கிறா," என்றார் அவர். பிறகு அந்த அம்மா, "தம்பி, உங்கடை அம்மா..." என்றார். "ஊரிலையோ கொழும்பிலையோ எண்டு கேக்கிறா." இரண்டாம் முறை போனபோது அவர் வீட்டில் இல்லை. மனைவி கதவைத் திறந்து, "அவர் லைப்ரறிக்கு..." என்று சொல்லி நிறுத்தினார். நான் காத்திருந்தேன். மிச்சத்தை யார் சொல்வார் என்று அவரும் காத்திருப்பதுபோல் இருந்தது. முப்பது வருடமாக ஒரு வசனத்தையும் முடிக்க விடாத வீட்டில், முடிப்பவர் இல்லாத நேரத்திலும் வசனங்கள் பாதியில் நின்றன. அன்று நான் தேநீர் குடிக்காமல் திரும்பினேன்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அகதி விண்ணப்பத்துக்கு ஒவ்வொருவரும் தன் கதையை எழுதிக் கொடுக்க வேண்டும். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்கட்டடங்களில் ஒரு அறையில் எட்டுப் பேராக இருந்த பொடியங்கள் பலர் அதை ஆங்கிலத்தில் எழுத அவரிடம் வந்தார்கள். அவர் கேட்பார், தலையாட்டுவார், எழுதுவார். ஒருவனுடைய கதையில், பிடித்துக்கொண்டு போனது இருந்தது, கனடாவுக்கு வந்தது இருந்தது. இரண்டுக்கும் இடையில் இராணுவ முகாமில் கிடந்த பதினொரு மாதம் இல்லை. விசாரணையில் அவன் அதைச் சொன்னபோது, எழுத்தில் இல்லாததை இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்டார்கள். அவனுடைய வழக்கு முடிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பிடிச்சவங்கள் எண்டு எழுதியிருக்கிறன். பிடிச்சால் அடிப்பாங்கள்தானே. அது விளங்காத ஆக்களுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். கோபப்படவில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

இனி அந்தப் புத்தகங்கள்.

ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கத்து நூலகக் கிளை ஒன்றில் பழையவற்றைக் கழித்தார்கள். வாசலில் ஒரு பெட்டியை வைத்து, வேண்டியவர் எடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதிலிருந்து அவர் ஏழெட்டு மெல்லிய புத்தகங்களை எடுத்து வந்தார். அமெரிக்கா ஒரு நாடாகிக் கொஞ்சக் காலத்தில் அங்கே பெண்கள் எழுதிய நாவல்கள். ஏதோ ஒரு பல்கலைக்கழகம் அவற்றைத் தேடியெடுத்துத் திரும்ப அச்சிட்டிருந்தது. சிலவற்றில் எழுதியவரின் பெயரே இல்லை. 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருந்தது. எல்லாவற்றிலும் முதற்பக்கத்தில் இது உண்மையில் நடந்தது என்று சத்தியம் செய்திருந்தார்கள். கதைகள் பெரும்பாலும் கடிதங்கள். ஒரு பெண் தோழிக்கு எழுதுகிறாள், தோழி பதில் எழுதுகிறாள், ஒரு நல்ல சட்டை போட்ட ஆண் வருகிறான், அதன்பின் கடிதங்கள் நீளுகின்றன.

நான் பிற்பாடு அவற்றை முழுதாக வாசித்தேன். பெண் நாவல் எழுதுவதும் வாசிப்பதும் கெடுதல் என்று பிரசங்கிகள் பேசிய காலம் அது. அதனால் அந்தப் பெண்கள் புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு புத்திமதியை வைத்தார்கள். பின்பக்கத்தில் ஒரு கல்லறையை வைத்தார்கள். பிரசங்கி இரண்டையும் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார். இரண்டுக்கும் நடுவில் இருநூறு பக்கத்துக்குத் தாங்கள் நினைத்ததைப் பேசினார்கள். யாரைக் கட்டுவது, கட்டாமல் இருந்தால் என்ன, தகப்பன் வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெண் கொஞ்சம் நின்று பார்க்கக்கூடாதா என்றெல்லாம் பேசினார்கள். முன்னும் பின்னும் இருந்தவை வேலி. எங்கள் அறிஞர் வேலியை மட்டும் மொழிபெயர்த்தார்.

முதல் இரண்டு நாவல்களும் எங்கள் பத்திரிகையில் தொடராகப் பத்துப் பத்து வாரம் ஓடின. பொஸ்டன் ஸ்காபரோ ஆனது. குதிரைவண்டி கார் ஆனது. பெண் ஏமாந்தாள், பிள்ளை பெற்றாள், செத்தாள். மேலே அவருடைய பெயர் பெரிதாக இருந்தது. மூலத்தைப் பற்றி ஒரு வரி போடலாமே என்றேன்.

"எழுதினவளே பேர் போடேல்லை. நான் ஏன் போடவேணும்?" என்றார்.

தொடரின் தலைப்புக்குக் கீழே 'உண்மைச் சம்பவம்' என்று போடச் சொன்னார். மூலத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மூலத்துக்கு விசுவாசமாக இருந்தார்.

அவருடைய கையெழுத்தைக் கணினியில் அடிப்பது வதனியின் வேலை. முப்பத்தொரு வயது. புருஷனை விட்டு விலகி ஒரு வருடம் ஆகியிருந்தது. வெக்ஸ்போர்டில் பழைய மாடிக்கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடியில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். அவளுடைய பெயரில் எழுதப்பட்ட முதல் வீட்டு ஒப்பந்தம் அது. அதைக் கைப்பையில் மடித்து வைத்திருந்தாள். நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் அவளுடைய தமையன் இருந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். தங்கை தனியே இருப்பதை ஊர் கதைக்காத வரைக்கும் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார். கதைத்தால், ஒன்றில் அவள் புருஷனிடம் போகவேண்டும், அல்லது தன் வீட்டு நிலக்கீழ் அறைக்கு வரவேண்டும்.

மூன்றாவது நாவல் தொடங்கியபோது, ஒரு பெயரின் எழுத்துக்கூட்டலைப் பார்ப்பதற்காக வதனி அவருடைய பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பிறகு கேட்டு வாங்கிக்கொண்டு போய் பஸ்ஸில் வாசித்தாள். இரண்டு வாரத்தில் முடித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் இருக்கும்போது, அவரிடம் சொன்னாள்.

"அண்ணை, ஆறாம் ஏழாம் கடிதம் விடுபட்டுப் போச்சு. அதுகளிலைதான் அவள் ஏன் அவனோடை போறாளெண்டு சொல்லுறாள்."

"ஏன் போறாள்? புத்தி இல்லாமல் போறாள்."

"இல்லை அண்ணை, அவள் சொல்லுறது..."

"பிள்ளை, நீர் ரைப் பண்ணும்."

அடுத்த வாரக் கையெழுத்தில் கதாநாயகிக்குச் சாம்பல் நிறக் குளிர்கோட்டு ஒன்று கிடைத்தது. வதனியிடம் அதே நிறத்தில் ஒன்று இருந்தது. அதற்கடுத்த வாரம் அவள் வெக்ஸ்போர்டில் குடியேறினாள். பிறகு ஆறாம் மாடி வந்தது. அடிக்கடி பழுதாகும் லிப்ற் வந்தது. புருஷனை விட்டு வந்தவள் என்பதும் வந்தது. பெயர் மட்டும் ரோகிணி. அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று இருந்தது. வதனி தன்னைத் தானே ரைப் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இதை அவர் பழிவாங்கலாகச் செய்தார் என்று சிலர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பழிவாங்குவதற்கு எதிரில் இருப்பவரைக் கொஞ்சமாவது கவனிக்க வேண்டும். அவருக்குக் கதையில் ஒரு பெண் தேவைப்பட்டாள். மேசைக்கு எதிரே ஒருத்தி இருந்தாள். அவளிடமிருந்து கோட்டையும் மாடியையும் எடுத்துக்கொண்டார். கேட்டால், "உது கற்பனை," என்றார். வாசகர்கள் தொலைபேசியில் கேட்டால், "உண்மைச் சம்பவம்," என்றார். இரண்டையும் ஒரே மதியத்தில் சொல்ல அவரால் முடிந்தது.

வதனியின் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் மகேஸ் அன்ரி என்று ஒருவர் இருந்தார். பத்திரிகை வந்த அன்றே வாசித்து, மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுபவர். ரோகிணிக்காக வாராவாரம் அழுதார். வதனியை லிப்ற்றில் கண்டால் அழாமல் பார்த்தார். கட்டடம் முழுவதும் கதைத்தது. கதை ரெக்ஸ்டேலுக்கும் போனது. தமையன் அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். வதனி அதை எனக்கு அப்படியே சொன்னாள்: "இன்னும் ஒருக்கால் உன்னைப் பற்றிப் பேப்பரிலை வந்தால் நான் வான் கொண்டு வருவன். பெட்டி கட்டிவை."

அவள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. கடைசிப் பகுதியை விரித்து என் மேசையில் வைத்தாள்.

"அண்ணை, இவள் சாகிறேல்லை. தான் கூடிப்போன அந்தக் கப்பல்காரனை விட்டிட்டுத் தானே வெளிக்கிட்டு வாறாள். பள்ளிக்கூடம் நடத்துறாள். கிழவியாய்த்தான் சாகிறாள். கதையிலை இருக்கிறதை இருக்கிறபடி போடச் சொல்லுங்கோ. எனக்காக வேறை ஒண்டும் எழுதவேண்டாம். அவளை உயிரோடை விட்டாலே எங்கடை அண்ணா வாயை மூடுவார். நான் அந்த வீட்டிலை இருந்திடுவன்."

நான் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். அங்கே ஒரு கல்லறை இருந்தது. கல்லில் அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் வெட்டியிருந்தது.

"பாரும், தம்பி. தகப்பன் பேரும் இல்லை, புருசன் பேரும் இல்லை. ஏன்? ஒருத்தரும் உரிமை கொண்டாட வரேல்லை. வெக்கக்கேட்டிலை செத்திருக்கிறாள். இதுக்கு மேலை என்ன அத்தாட்சி வேணும்?"

"அதுக்கு முந்தின அத்தியாயத்திலை அவவே அப்பிடி வெட்டச் சொல்லுறா எண்டு வதனி சொல்லுறா. அவவின்ரை மாணவியள் வைச்ச கல்லாம்."

"வதனி ரைப் பண்ணுறவ," என்றார்.

அந்தக் கல் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வெள்ளைக்காரனுக்குக் கல்லறை என்றால் எங்கள் ஆட்களுக்கு எது என்று யோசித்தார். வாழ்நாளில் அவருக்கு வந்த ஒரே சொந்த யோசனை அதுவாக இருக்கலாம். கடைசி அத்தியாயத்தை மரண அறிவித்தலாக எழுதினார். கறுப்புக் கட்டத்துக்குள், மரண அறிவித்தல் பக்கத்திலேயே போடவேண்டும் என்றார். அப்போதுதான் 'எபெக்ற்' இருக்குமாம்.

'வெக்ஸ்போர்டில் ஆறாம் மாடியில் தனியே வசித்து வந்த ரோகிணி (பெயர் மாற்றப்பட்டுள்ளது) காலமானார். அன்னார் யாருடைய அன்பு மகளுமல்லர், யாருடைய அன்பு மனைவியுமல்லர். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.'

அதை வதனி அடிக்க மறுத்தாள். நான் அடித்தேன். பக்கத்தில் நாலு அங்குலம் காலியாக இருந்தது, பிற்பகல் இரண்டு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். தொடர்கதை எது, அறிவித்தல் எது என்று வாசகர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். பத்திரிகையில் வேலை செய்பவர்கள் வாசகர்களைப் பற்றி இப்படி நினைப்பது வழக்கம். அவரைப் பற்றி இவ்வளவு எழுதும்போது இதை எழுதாமல் விட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வதனி எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நான் செத்துப்போனனாம். சனம் வரத் தொடங்கீட்டுது. வாங்கோ."

நான் போனபோது லிப்ற் பழுது. படிகளில் வெள்ளைச் சேலைகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறின. செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் பிட்டுப் பெட்டிகளும், இடியப்பமும், பெரிய பிளாஸ்குகளில் தேநீரும் கூடவே ஏறின. ஆறாம் மாடி நடையில் சப்பாத்துகள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. உடலை வைத்திருக்கும் மலர்ச்சாலை எது என்று அறிவித்தலில் இல்லாததால் எல்லோரும் நேரே வீட்டுக்கு வந்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவளுடைய கதவைத் தட்டாதவர்கள்.

கதவை முதலில் தட்டியவர் மகேஸ் அன்ரி. கதவைத் திறந்தது வதனி. அன்ரி போட்ட கூச்சல் நாலாம் மாடியில் கேட்டதாம்.

"ஐயோ பிள்ளை! நீ இருக்கிறாய்!"

"இருக்கிறன் அன்ரி. வாங்கோ உள்ளுக்கு."

சாப்பாட்டோடு ஆறு மாடி ஏறியவர்களால் உடனே இறங்க முடியவில்லை. உள்ளே வந்தார்கள். இருபத்தைந்து முப்பது பேர் இருக்கும். கதிரைகள் இரண்டுதான் இருந்தன. தரையில் இருந்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிளாஸ்குகளைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு, "செத்தவளே கதவைத் திறந்து தேத்தண்ணியும் ஊத்துறாள். நான் பாத்த செத்த வீடுகளுக்குள்ளை இதுதான் திறம்," என்றார். யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

"அப்ப பேப்பரிலை செத்தது ஆர்?" என்று மகேஸ் அன்ரி கேட்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை அன்ரி. அது அமெரிக்காவிலை ஒரு பொம்பிளை எழுதின கதைப்புத்தகம். இருநூறு வரியமாச்சு."

அன்ரி கையிலிருந்த பிட்டுப் பெட்டியைத் தரையில் வைத்தார். பிறகு, "அப்ப நான் இவ்வளவு கிழமையும் அழுதது ஒரு வெள்ளைக்காரிக்கோ?" என்றார்.

அந்த நேரத்தில் தமையன் வந்தார். கையில் மடித்த காட்போட் பெட்டிகள். பத்திரிகையை அவரும் பார்த்திருந்தார்; சாவு கதை என்று அவருக்குத் தெரிந்தது, தங்கை மறுபடி பேப்பரில் வந்ததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. கீழே வானை நிறுத்திவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு படியேறியிருக்கிறார். கதவில் நின்று இவ்வளவு சனத்தையும் கண்டதும் அந்த முகத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"பெட்டி கட்டினியோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்லை பெரியண்ணா. இருங்கோ," என்றாள் வதனி.

அவருக்குப் பின்னால் எங்கள் அறிஞரும் வந்தார். கோட்டும் சூட்டும். செத்த வீட்டுக்குச் சனம் போகிறது என்று யாரோ அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். தன் எழுத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று பார்க்க வந்திருந்தார். வெட்கமோ பயமோ முகத்தில் இல்லை. கதவு நிலையில் சாய்ந்து, தலைகளை எண்ணினார். கண்கள் வரிசை வரிசையாகப் போவதை நான் பார்த்தேன்.

மகேஸ் அன்ரி அவரைக் காணவில்லை. வதனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை ஏன் அவனோடை போனவள்?" என்று கேட்டார். "அதை ஒருக்காலும் சொல்லேல்லை. எனக்கு அது விளங்கவேயில்லை."

வதனி புத்தகத்தை எடுத்துக்கொண்டு தரையில் இருந்தாள். தொடக்கத்திலிருந்து சொன்னாள். ஒரு துறைமுகப் பட்டினம். தகப்பன் வழக்கறிஞர். வீட்டில் ஒரு யன்னல் மட்டும் கடலைப் பார்த்து இருக்கிறது. அந்த யன்னலைத் திறந்து வைக்கலாமா என்று கேட்ட முதல் மனிதன் அந்தக் கப்பல்காரன். அதனால்தான் போனாள் என்று ஆறாம் கடிதத்தில் எழுதுகிறாள். மகேஸ் அன்ரி மெல்லத் தலையாட்டினார்.

"சரி, சரி, விளங்கீட்டுது," என்றார் கதவடியில் நின்றவர். "கடைசியிலை..."

"பொறும் ஐயா," என்றார் அன்ரி, திரும்பாமலே. "பிள்ளை சொல்லட்டும்."

அவரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வாயை மூடினார். ஐந்து நிமிடம் நின்றார். வேறொருவர் கதை சொல்லும் இடத்தில் ஐந்து நிமிடம் நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார், கழுத்துப்பட்டியைத் தொட்டார், நடையிலிருந்த சப்பாத்துகளைப் பார்த்தார்.

வதனி சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பல்காரன் கைவிட்டதால் அல்ல, அவன் ஒரு நாள் யன்னலைப் பூட்டியதால் அவள் ஒரு பெட்டியோடு வெளிக்கிட்டாள். தகப்பன் கதவைத் திறக்கவில்லை. பள்ளித் தோழி ஒருத்தி திறந்தாள். இரண்டு அறையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அயல்வீட்டுக்காரியோடு ஒரு மாட்டுக்காகப் பத்து வருடச் சண்டை. அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பிட்டுப் பெட்டி ஒன்று திறந்து சுற்றில் வந்தது. கப்பல்காரன் வயதாகித் திரும்பி வருகிறான். இப்போது முறையாகக் கலியாணம் செய்கிறேன் என்று கேட்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள்.

"பிறகென்ன?" என்றார் தமையன். அவர் மடித்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார். "வந்து கூப்பிட்டவனெல்லே? மானத்தோடை கூப்பிட்டவனெல்லே? ஏன் போகேல்லை?"

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கேள்வி எந்தப் பெண்ணைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அதுக்கு அவள் நாலு கடிதம் எழுதியிருக்கிறாள், பெரியண்ணா," என்றாள் வதனி. "நாலும் நீளம். சொல்லட்டோ?"

அவர் பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் இருந்தார்.

"சொல்லு," என்றார்.

அவள் நாலையும் சொன்னாள். அவசரப்படாமல், ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னாள். எங்கே புத்தகம் முடிந்து எங்கே அவள் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு புத்தகத்தில் தேடியபோது மூன்றாம் கடிதத்தில் பாதி அங்கே இருக்கவில்லை. தமையன் ஒருமுறை மட்டும் கண்ணைத் துடைத்தார். கடைசியில் கல்லைப் பற்றிச் சொன்னாள். மற்றப் பெயர்கள் எல்லாம் இரவலாக வந்தவை, இது மட்டும் என்னுடையது, இதை மட்டும் வெட்டுங்கள் என்று அந்தக் கிழவி மாணவிகளிடம் சொன்னாளாம்.

மாலையாகிவிட்டது. சனம் எழும்பியது. நான் சொன்ன அறிஞர் எப்போதோ போய்விட்டிருந்தார். அதன்பின் பல வருடம், தன் எழுத்தைப் படித்து ஒரு வீட்டில் சனம் திரண்டு வந்து அழுதது என்று மேடைகளில் சொல்லி வந்தார். வந்ததை அவர் பார்த்தார். அழுதிருப்பார்கள் என்பதை அவராகவே முடித்துக்கொண்டார். வதனி அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போனாள். அந்த ஆறாம் மாடி வீட்டில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தாள்.

அன்று புறப்படும் நேரம் கதவடியில் ஒரு தடுமாற்றம் வந்தது. எங்கள் வழக்கத்தில் செத்த வீட்டில் விடைபெறுவதில்லை. 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்னதாகும். பேசாமல் எழும்பிப் போவதுதான் முறை. வந்தவர்கள் செத்த வீட்டுக்கு வந்தவர்கள். வெறும் பிளாஸ்குகளோடு, சப்பாத்து மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மகேஸ் அன்ரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "போட்டு வாறன், பிள்ளை," என்றார்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கிழவர் இரண்டு முறை சொன்னார். தமையன் விரிக்காத பெட்டிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். வதனியின் தலையில் ஒருமுறை கைவைத்தார். "போட்டு வாறன்," என்றார்.

செத்த வீட்டு முறை தவறாமல், ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனவர் எங்கள் அறிஞர் ஒருவர்தான்.